இருபது கம்ப்யூட்டரும் ஒரு பூட்டும்

எங்கள் பள்ளிக்கூடத் தாளாளர் வைரவநாதன் கையில் மைக் கிடைத்தால் மழை வந்தாலும் இறங்கமாட்டார். ஆண்டுவிழாவுக்கு மாணவர்களே பள்ளியைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்றதும், தன் பேச்சைப் பதிவுசெய்து ஒன்பதாம் வகுப்பு இசக்கியம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்தைகூட வெட்டக் கூடாது. நான் எதைச் சொல்றேனோ அதைத்தான் காட்டணும்."

"சரிங்க சார். எந்த வரிக்கு எந்தக் காட்சின்னு பட்டியல் அனுப்புறேன், பார்த்துச் சொல்லுங்க."

அம்மாவின் கீறல் விழுந்த போனிலேயே பட்டியல் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினாள். அவர் திறந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டார். அதே போனில் படம் பிடித்து, அதிலேயே வெட்டி ஒட்டி முடித்தாள்.

விழா மேடைத் திரையில் அவர் குரல் முழங்கியது: "இருபது கம்ப்யூட்டர்கள் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றன!"

காட்சியில் கம்ப்யூட்டர் அறைக் கதவு. அதில் துருப்பிடித்த பூட்டு. பூட்டைச் சுற்றி ஒட்டடை. பெற்றோர் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தாளாளர் துள்ளி எழுந்தார். "யாரைக் கேட்டு இதை எடுத்தே?"

"உங்களைத்தான் சார். பதினோராவது வரிக்கு அறைக் கதவுன்னு பட்டியல்லயே இருக்கு. நீங்களும் சரின்னுட்டீங்க."

"உள்ளே போய் எடுக்க வேண்டியதுதானே?"

"மூணு நாள் அலைஞ்சேன் சார். சாவி உங்ககிட்ட இருக்குன்னாங்க."

அத்தனை கண்களும் அவர் இடுப்புச் சாவிக்கொத்தில் போய் நின்றன.

இசக்கி போனை எடுத்தாள். "இப்பத் திறந்தீங்கன்னா அந்தக் காட்சியை மாத்திடலாம் சார். அஞ்சு நிமிஷ வேலை."

கூட்டம் எழுந்து அவருக்கு வழிவிட்டது.