ராசா மூஞ்சி கோணின வெள்ளிக்காசு

கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்துல, ரொம்ப காலத்துக்கு முந்தி ஒரு ஊர்ல ஏவிஸ்னு ஒருத்தி. அவ தன் புருஷன் ஹேமோவைக் கடைசியா உசுரோட பாத்தது ஒரு விடிகாலையில, வாசப்படியில. அவன் ராசாவோட காசுக் கூடத்துல சுத்தியல் அடிக்கிறவன். கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல வெள்ளித் தகடு. டங்! ராசா மூஞ்சி விழுந்துரும். கேக்குறியா?

"ம்."

அன்னைக்கு அவ கையில ஒரு காசு வெச்சான். "நானே அடிச்சதுடி. கூலியில வந்துச்சு. ராசா மூஞ்சி ஓரமாப் போயி ஒரு கண்ணுதான் விழுந்திருக்கு, பாரு!"

"உங்கள வேலைக்கு வெச்ச மகராசனுக்கு அந்த ஒரு கண்ணும் தெரியல போல."

சிரிச்சுக்கிட்டே போனான். கூடத்துலயே காய்ச்சல் கண்டு செத்துப் போனான்.

அப்புறம் அதே காய்ச்சல் பொண்ணு லெட்டிஸுக்கும் வந்துச்சு. நாம மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வைப்போம்ல? அவங்க நோயாளி தலைக்கு மேல காசைப் புடிச்சு வளைப்பாங்க. வளைச்சா அது சாமிக்கு. வீட்டுல இருந்தது அந்த ஒரே காசு. ஏவிஸ் கண்ண மூடிக்கிட்டு அதை வளைச்சுட்டா. நெளுக்! பொண்ணப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு மலைக்கோயிலுக்கு நடந்தா. பஞ்சு பஞ்சா பனி.

"ம்."

அப்போ ரொட்டிக்காரி கூப்பிட்டா. "சூடா இருக்கு, வாம்மா! காசுக்குப் பின்னாடி சிலுவைக் கோடு இருக்குல்ல, அது மேல வெட்டிக் கால்காசு குடு, போதும்." வயிறு கொர்கொர்ங்குது. "இது சாமி காசு"ன்னுட்டா.

அப்புறம் ஓடக்காரனும் கால்காசு கேட்டான். சளக் சளக்குனு ஆத்துல இறங்கியே போயிட்டா.

அப்புறம் மலையடியில ஆஸ்பர்ட். ஹேமோவோட சேந்து சுத்தியல் அடிச்சவன். "தங்கச்சி, இது அவன் அடிச்சதுல்ல? குடு, டொக்குனு ஒரு தட்டுல நிமித்தித் தரேன். சாமிக்கு வேற காசு நான் வெக்கிறேன். இதை நீ வெச்சுக்கோ."

ஏவிஸ் நின்னுட்டா. அந்த ஒத்தைக் கண்ணைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே நின்னா.

"வளைக்கிறப்போ வாக்கு குடுத்துட்டேன் அண்ணே. அவரு போயிட்டாரு. அவ இருக்கா."

சாமி காலடியில வெச்சா. கிளிங்.

திரும்பி வந்து பக்கத்து வீட்டுல பாத்தா லெட்டிஸ் எந்திரிச்சு உக்காந்திருக்கா. "அம்மா, கஞ்சி." தூங்கிட்டியா?

"...ம்."

கஞ்சி குடிச்சு அவளும் தூங்கியாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்கு. ஹேமோ அடிச்ச காசுன்னு அந்த வீட்டுல அப்புறம் ஒண்ணும் இல்ல.