ஒத்தக் கையில தூக்குற பெட்டி

ரொசாலி டீச்சர்கிட்ட கிட்டார் கத்துக்க வந்தவங்கள்ல தணிகாசலம்தான் வயசுல மூத்தவரு. அவருக்கு அம்பத்தெட்டு, டீச்சருக்கு முப்பத்திரெண்டு. ஆனாலும் டீச்சர் உள்ள வந்தா எழுந்து நிப்பாரு. எங்கம்மா வந்தப்பகூட இந்த மனுஷன் எழுந்ததில்லன்னு அவரு சம்சாரம் சொல்லிக் காட்டும்.

புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல் மாடி ஹால்லதான் பாடம். சனிக்கிழம சாயங்காலம் அதே ஹால்ல டீச்சர் ஜாஸ் வாசிப்பாங்க. அதட்டுற சங்கீதம் இல்ல அது. பக்கத்துல உக்காந்து ரகசியம் பேசுற மாதிரி மெதுவா வரும். சாப்புடுறவங்க ஸ்பூன அப்படியே கையில புடிச்சுக்கிட்டு இருப்பாங்க. இந்தச் சனிக்கிழம நீங்களும் எங்கூட உக்காந்து வாசிங்கன்னு டீச்சர் சொன்னதுலேருந்து தணிகாசலத்துக்குத் தூக்கமில்ல.

சந்தோஷம் பாதி, பயம் பாதி. பயம் அவரோட ஸ்பீக்கர் பெட்டியால வந்தது. ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தது, ரெண்டாளு தூக்குற கனம். அத வருஷக்கணக்கா ஒத்த ஆளா ஹாலுக்குப் போற மரப்படியில ஏத்திக்கிட்டு இருந்தாரு. அவரு குடும்பமே எந்தச் சாமானும் பெருசா இருந்தாத்தான் நல்லா இருக்கும்னு நம்புற குடும்பம். அவரு தம்பி ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினாரு, அது வாசக்கதவுக்குள்ள நுழையல. கடைசி வரைக்கும் வராந்தாவுலயே நின்னுது. தெருவே அதுல இட்லி மாவு வெச்சு எடுத்துச்சு. அது கிடக்கட்டும். போன மாசம் படியில முதுகு புடிச்சுக்கிச்சு. இன்னொரு தடவ அதத் தூக்கினா படுக்கையிலதான் கிட்டார் வாசிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அதனால கடையில கேட்டு, வாசிச்சுப் பாத்துட்டுக் காசு தர்றேன்னு ஒரு சின்னப் பெட்டிய வாங்கிட்டு வந்தாரு. ஒத்தக் கையில தூக்கலாம். மேல உக்கார்ற ஆம்ப்ளிஃபயர் டிஃபன் பாக்ஸ் அளவுதான். வெள்ளிக்கிழம பாடத்துக்கு முன்னாடியே போயி, ஹால் தரையில வெச்சு வாசிச்சாரு. டம்ளர்ல கரண்டி பட்ட மாதிரி கேட்டுச்சு. எல்லாக் குமிழையும் திருகிப் பாத்துட்டாரு. இந்தச் சத்தத்தோட டீச்சர் பக்கத்துல உக்காந்தா அவங்களுக்குத்தான் கெட்ட பேரு, நாமளே வரலன்னு சொல்லிடலாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாரு. ஆனாலும் டீச்சர் வந்ததும் எழுந்து நின்னு கேட்டுப் பாத்தாரு:

"டீச்சர், கனமில்லாத பெட்டியில கனமான சத்தம் வரணும். எத வாங்கட்டும்?"

"வாசிங்க சார்."

வாசிச்சாரு. டீச்சர் தலைய சாய்ச்சுக் கேட்டாங்க.

"உங்க முழங்காலுக்குக் காது இருக்கா சார்?"

இல்லன்னாரு. டீச்சர் பெட்டிய ஒத்தக் கையில எடுத்து நாற்காலி மேல வெச்சாங்க. சத்தம் நேரா அவரு மூஞ்சியில வந்து குத்திச்சு. தலையப் பின்னால இழுத்துக்கிட்டாரு. கீழ இருக்கறப்ப கேக்கலன்னு அவருதான் கீச்சுச் சத்தத்தக் கூட்டுற குமிழ முழுசா திருகி வெச்சிருந்தாரு. டீச்சர் அதப் பாதிக்கு மேல கொறச்சாங்க.

அதோட விடல. அதே மெட்ட நிறுத்தாம வாசிங்கன்னு சொல்லிட்டு, நாற்காலியும் பெட்டியுமா ஜன்னல் பக்கம் போனாங்க. சத்தம் தெருவுக்குப் போயிடுச்சு. சமையக்கட்டு வாசலுக்குப் போனாங்க. சமையல்காரர் பக்கிரி எட்டிப் பாத்து, வீடு மாத்துறீங்களான்னு கேட்டாரு. டீச்சர் எப்பவுமே அப்படித்தான். ஒரு கல்யாணத்துல பந்தி நடக்குறப்பவே பெட்டிய மாத்தி மாத்தி வெச்சு, கடைசியில பாயச அண்டா பக்கத்துல நின்னு வாசிச்சாங்க. அந்தப் பந்தியில யாரும் சீக்கிரம் எழுந்திரிக்கலயாம். பாயசத்தாலயான்னு கேட்டா, அது எப்பவும் வெக்கிற பாயசந்தான்னு சமையல்காரங்களே சொன்னாங்களாம்.

கடைசியா ரெண்டு சுவரு சேர்ற மூலைக்குப் போனாங்க. நாற்காலிய எடுத்துட்டு, ஒரு முக்காலியப் போட்டு, பெட்டிய லேசா மேல பாக்கறாப்புல சாய்ச்சு வெச்சாங்க. தடிக்கம்பியோட நாதம் சுவத்துல சாஞ்சு எழுந்து, மெதுவா ஹால் முழுக்க நடந்து வந்துது. தணிகாசலத்துக்கு அது தன்னோட விரல்லேருந்துதான் வருதான்னு சந்தேகம். குனிஞ்சு விரலப் பாத்துக்கிட்டாரு. உள்ள பக்கிரி அடுப்ப சிம்முல வெச்சாரு.

இப்படி ஒரு காத அந்த ஆண்டவன் யாருக்குக் குடுப்பான்னு நெனச்சுக்கிட்டே தணிகாசலம் டீச்சரப் பாத்தாரு.

"பொல்லாத பெட்டி டீச்சர் இது. இதையே வாங்கிடறேன்."

"வாங்குங்க. உங்க பெரிய பெட்டிய இதுவரைக்கும் இங்க எங்க வெச்சீங்க?"

"படி முடியற எடத்துல."

"அங்க நல்லாக் கேட்டுச்சா?"

"தெரியல டீச்சர். அதுக்கு மேல ஒரு அடிகூட என்னால தூக்க முடியல."

டீச்சர் தன் கிட்டார எடுத்துக்கிட்டு அவரு பக்கத்துல வந்து உக்காந்தாங்க. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க, ஆளுங்க நெறஞ்சதும் மறுபடி எடம் பாக்கணும்னு சொன்னாங்க. கம்பிய முறுக்கி சுருதி சேத்துக்கிட்டே, அவரப் பாக்காம கேட்டாங்க:

"இத்தன வருஷமா எடம் பாத்தது உங்க காதா சார், முதுகா?"

தணிகாசலம் முதுகத் தடவிக்கிட்டாரு.