கோட்டுக்குக் கீழே இரண்டு மில்லி

திருச்சி உறையூரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டுக் குழந்தை, ஏழு வயது நறுமுகைக்கு வலிப்பு வராமல் பதினோரு நாள் ஆகியிருந்தது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு, மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த கொழுப்புச் சாப்பாட்டுக்குத்தான் அடங்கியது. காலையில் நெய் நாற்பத்தைந்து கிராம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று உணவு நிபுணர் தாளில் அடிக்கோடு போட்டிருந்தார். அம்மா மங்கையர்க்கரசி தராசில் வைக்காமல் எதையும் தட்டில் போடமாட்டாள்.

அன்று காலை ஏழேகாலுக்கு அந்த மின் தராசு ஒருமுறை மினுங்கி அணைந்தது. பேட்டரி மாற்றியும் விழிக்கவில்லை. நிபுணர் ஒன்பது மணிக்குமேல்தான் போன் எடுப்பார். குழந்தை எட்டுக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

வீட்டில் மில்லிக் கோடு போட்ட ஒடுக்கமான கண்ணாடிக் குவளை ஒன்று இருந்தது. "நாப்பத்தஞ்சு கிராம்னா நாப்பத்தஞ்சு மில்லி. ஊத்து மங்கை," என்றான் கணவன் தனசேகர்.

"டேய், அது தண்ணிக்குடா," என்றாள் அவன் அக்கா பூங்கோதை. பள்ளியில் இயற்பியல் நடத்துபவள். துணைக்கு வந்து தங்கியிருந்தாள். "நெய் தண்ணியைவிட லேசு. அதே எடைக்குக் கொஞ்சம் கூடத்தான் வேணும்." நெய் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள்: முப்பது டிகிரியில் ஐந்நூறு மில்லி, எடை நானூற்று ஐம்பத்திரண்டு கிராம். "பத்துல ஒரு பங்கு எடு. ஐம்பது மில்லி, நாப்பத்தஞ்சு கிராம்."

நெய்யை உருக்கித்தான் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். மங்கை உருக்கினாள், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குவளையில் ஊற்றினாள். ஐம்பதாம் கோட்டைச் சரியாகத் தொட்டது. குழந்தைக்கு வாய் வெந்துவிடுமே என்று குவளையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாள். இருபது நிமிடத்தில் நெய் அறைச் சூட்டுக்கு, முப்பது டிகிரி அளவுக்கு, ஆறிவிட்டது. மங்கை குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"அண்ணி, ரெண்டு மில்லி குறைஞ்சிருக்கு."

"குவளை ஒழுகுதா?"

"இல்ல."

"யாராவது எடுத்தாங்களா?"

"நான் இங்கயேதானே நிக்கிறேன்."

"அப்புறம் எங்க போகும்? ஆறினா சுருங்கும், எடை மாறாது. இப்ப நீ ஊத்தினா அதிகமாயிடும்."

"கோட்டுக்குக் கீழ இருக்கே அண்ணி. இதை எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்? பதினோரு நாளா வலிப்பு வரல. கோடு வரைக்கும் ஊத்திடறேன்."

தனசேகர் இடையில் புகுந்தான். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மில்லி ஊத்திடலாமே."

"இதென்ன கத்தரிக்காய் வியாபாரமா, பேரம் பேசுறே?" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து நறுமுகை, "அம்மா, பசிக்குது," என்று கூப்பிட்டாள்.

வாசகரே, தட்டு உள்ளே போவதற்குமுன் சொல்லுங்கள்: ஊற்று என்ற மங்கை, ஊற்றாதே என்ற பூங்கோதை, பாதி ஊற்று என்ற தனசேகர். இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: மங்கை சொன்னதே சரி. ஆறும்போது எடை மாறாது என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது மில்லிக்கு நாற்பத்தைந்து கிராம் என்பது முப்பது டிகிரி நெய்க்கான கணக்கு. சூட்டில் உப்பிய நெய் கோட்டைத் தொட்டபோதே எடை குறைவுதான். ஆறியபின் அந்தக் குறை கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. ஆறிய நெய்யைக் கோடு வரை நிரப்பினால் அளவு சரியாகிவிடும். பூங்கோதைக்கு இது பிடிபட ஏழு ஐம்பது ஆனது. உருக்காத நெய் இருந்த பாட்டிலைத் தம்பி மனைவியின் பக்கம் நகர்த்தினாள்.