நேரே பார்த்துச் சிரிக்கிற போட்டோ

சீரியலில் நடிப்பவரிடம் நேரே பார்த்துச் சிரிக்கிற போட்டோ ஒன்று கேட்டால், அந்தப் பாத்திரத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். மாலை போட்டுச் சுவரில் மாட்டத்தான் கேட்பார்கள். மூன்று நாளாக வளசரவாக்கம் படப்பிடிப்பு வீட்டில் யாரோ சாகப்போவதாகப் பேச்சு. பெரியம்மாவாக நடிக்கும் பொற்கலைக்கு, அது தானோ என்று பயம். பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. சும்மாவே நிற்காது என்பது வேறு விஷயம்.

"என்னைச் சாகடிக்க மாட்டாங்க லில்லி," என்றாள் மேக்கப் போடுகிறவளிடம். "மேடையில தனியா நின்னு ஊரையே சிரிக்க வெச்சவ நான். கோயம்புத்தூர்ல ஒருத்தர் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு பறந்து வந்து மைக்கைக் கடிச்சுது."

"வாயை அசைக்காதீங்கக்கா, லிப்ஸ்டிக் கோணுது."

"சேலத்துல மண்டபத்துக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி. என் ஜோக்கு ஜன்னல் வழியாப் போயி, ஆபரேஷன் ஆன பதினோரு பேருக்கும் தையல் பிரிஞ்சுது. திட்ட வந்த டாக்டரும் சிரிச்சு, அவரோட பழைய தையலும் பிரிஞ்சு போச்சு."

மாமனாராக நடிக்கும் சதானந்தம் பேப்பரை இறக்காமலே, "அவருக்கு யார் தைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். பிளவுஸே தைக்கிறேன், வயிறு தைக்க மாட்டேனா?"

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. பொற்கலை குரலை உயர்த்தினாள். காலடி தாண்டிப் போனதும் மூச்சு விட்டாள்.

"என் அழுகைக் கதையைக் கேளு. போன சீரியல்ல புருஷன் செத்த சீன். நான் அழுததுல கீழ்வீடு முங்கி, பொணமாப் படுத்திருந்தவரு நீந்தி வெளியே வந்தாரு. பத்து நாளைக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணி லாரியே வரல."

"கண்ணீர் உப்புக் கரிக்குமேக்கா?"

"அதான், அந்தத் தெருவுல சோத்துக்கு உப்பே போடல. நான் எழுதின நாவல் தெரியுமா? தாம்பரம் பஸ்ல ஒரு பொண்ணு சத்தமாப் படிச்சா. கதை கேட்டுக்கிட்டே டிரைவர் ஓட்டுறாரு, ஒருத்தரும் நிறுத்தச் சொல்லல. கடைசி அத்தியாயம் முடியறப்ப பஸ்ஸு கன்னியாகுமரில நிக்குது. இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருந்தா கடல்ல இறங்கியிருக்கும்."

சதானந்தம் பேப்பரை மடித்தார். "புளுகுக்கும் ஒரு அளவு வேணும்மா."

அப்போதுதான் இணை இயக்குநர் கோமதிநாயகம் கதவைத் திறந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார். "பொற்கலை மேடம், நேரே பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்."

லில்லி லிப்ஸ்டிக்கை மூடி வைத்தாள். பொற்கலைக்கு அழுகை முட்டியது. இந்தப் பெரியம்மாவை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "போன தடவை நான் மாலையோட தொங்கினப்ப, எதிர்ல அழ வந்த கதாநாயகி என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சு, பதினேழு டேக் போச்சு. டைரக்டர் போட்டோவைக் கும்பிட்டுக் கெஞ்சினாரு. நீங்க எல்லாரும் செத்தாலும், கடைசி எபிசோடு வரைக்கும் சுவர்ல நான்தான்."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். "இல்ல மேடம். படம் ஒரு நாளைக்குத்தான். திங்கக்கிழமையிலேர்ந்து கதை துபாய்க்குப் போகுது. இந்த வீடே வராது."

பொற்கலை போனை எடுத்து, இருப்பதிலேயே நன்றாகச் சிரித்த படமாகத் தேடினாள். கண் கலங்கியதில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"ஏன் சார்," என்றாள், "துபாய்ல சுவர் இல்லையா?"