கோமாளி மீன் கேட்ட படுக்கை

"வந்துவிட்டது! படுக்கை வந்துவிட்டது!" என்று கத்தியபடி கோமாளி மீன் தொட்டியின் கண்ணாடியில் முட்டியது.

"மெதுவாக முட்டு. மூக்கு சப்பையாகிவிடும்" என்றது சங்கு நண்டு.

"உனக்கென்ன, வீட்டை முதுகிலேயே வைத்திருக்கிறாய்! நான் நாற்பது நாளாகப் பம்புக் குழாயில் சாய்ந்து தூங்குகிறேன்!"

தொட்டிக்காரியின் கை நீருக்குள் இறங்கி, இரண்டு பவளத் துண்டுகளைப் பாறைமேல் வைத்தது. ஒன்று மான்கொம்புப் பவளம். நீலக் கிளைகள், நுனியெல்லாம் ஊதா. மற்றொன்று தோல் பவளம். வெந்த காளானைப் போலப் பழுப்பாக, தடியாக இருந்தது.

"தோழி பத்து நாளைக்கு இரவல் கொடுத்திருக்கிறாள்" என்று வெளியே தொட்டிக்காரி போனில் சொன்னாள். "மீன் எதில் போய் ஒண்டுகிறதோ, அதை வைத்துக்கொள்வேன். மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்."

கோமாளி மீன் மூன்று கரணம் போட்டது. "மான்கொம்பு! எனக்கு மான்கொம்புதான்!"

"அதனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?" என்றது நண்டு.

"கேட்க என்ன இருக்கிறது? பார்த்தாலே போதாதா!"

மான்கொம்பு தானாகவே பேசியது. "எனக்கு உச்சிவெயில் மாதிரி விளக்கு வேண்டும். அலை நிற்கக் கூடாது. நேற்றிருந்த தண்ணீர் இன்றும் அப்படியே இருக்க வேண்டும். இந்தத் தொட்டிக்கு என்ன வயது?"

"நாற்பது நாள்!" என்றது மீன் பெருமையாக.

"நாற்பதே நாளா?" மான்கொம்பின் குரல் இறங்கிப்போனது.

மீன் அதைக் கவனிக்கவில்லை. "ராணி மாதிரிப் பேசுகிறது பார்!"

"உனக்கு என்ன வேண்டும்?" என்று நண்டு தோல் பவளத்தைக் கேட்டது.

"கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நீரோட்டம். முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்வேன்."

மறுநாள் தோல் பவளம் தன் சின்னச் சின்ன விரல்களை நீட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மீனுக்குப் பதறியது. தொட்டிக்காரி மனம் மாறி இதையே வைத்துக்கொண்டால்? அது வாலால் மணலை வாரித் தோல் பவளத்தின்மேல் இறைத்தது.

தோல் பவளம் உதறிக்கொண்டது. "அவ்வளவுதானா? இன்னும் இருக்கிறதா?"

நான்காம் நாள் அதன் விரல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் மின்னியது.

"செத்தது! செத்தது!" என்று மீன் துள்ளியது.

நண்டு போய்த் தட்டியது. "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

"சட்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். தட்டாதே!"

ஆனால் தொட்டிக்காரி குனிந்து பார்த்து, "இது தேறாது போலிருக்கிறதே" என்றாள். மீன் மகிழ்ச்சியில் தொட்டியை நான்கு சுற்றுச் சுற்றியது.

ஒன்பதாம் நாள் மீன் மான்கொம்பின் கிளைகளுக்கிடையே நுழைந்தபோது, அடியிலிருந்து ஏதோ துகளாக உதிர்ந்தது. அந்த இடம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

"உனக்கு என்ன ஆயிற்று?"

"இந்தப் புதுத் தொட்டியின் தண்ணீர் இன்னும் நிலைப்பட்டுப் பழுக்கவில்லை, கோமாளி. நாளைக்கு நீ என்னிடம் வந்து ஒண்டினால் என்னை இங்கேயே வைத்துவிடுவாள். வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன்."

"விளக்கைப் பெரிதாக்கச் சொல்கிறேன்! அலையைக் கூட்டச் சொல்கிறேன்!"

"எப்படி? கண்ணாடியில் முட்டியா?"

மீன் ஒரு நீலக் கிளையில் உடம்பை உரசியது. பிறகு மெல்லச் சொன்னது: "ஆனால் உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே."

"பிடித்திருந்தால் போகவிடு."

பத்தாம் நாள் காலை. தொட்டிக்காரியின் கண் கண்ணாடியில் ஒட்டியது. நண்டு ஓட்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தது. மீன் நீலக் கிளைகளை ஒருமுறை சுற்றியது. இன்னொரு முறையும் சுற்றியது. சட்டென்று திரும்பி, மெழுகு பூசிக் கிடந்த தோல் பவளத்தின் மடிப்பில் போய் நுழைந்தது.

"கொஞ்சம் இடம் கொடேன்!"

"சட்டை உரிக்கும்போதா? வெட்கமில்லை?"

"கண்ணை மூடிக்கொள்கிறேன்!"

"உனக்கு இமை ஏது?" என்று நண்டு கத்தியது.

"அட, இதையா பிடித்திருக்கிறது!" தொட்டிக்காரி சிரித்தாள். மான்கொம்பை ஒரு கிண்ணத்துத் தண்ணீரோடு அள்ளினாள்.

"தொட்டிக்கு வயதாகட்டும்! அப்போது வருகிறேன்!" என்ற குரல் மேலே போனது.

மீன் நகரவே இல்லை. அது துடுப்படிக்க அடிக்கப் படலம் ஓரமாகக் கிழிந்தது. அதற்கு மூன்றாம் நாள் முழுதாகக் கழன்று மிதந்தது. உள்ளேயிருந்து நூறு விரல்கள், இருநூறு விரல்கள், ஒரேயடியாக விரிந்தன!

"அம்மாடி! எவ்வளவு பெரிய மெத்தை!" மீன் தலைகீழாகப் பாய்ந்தது.

"சட்டை எனக்கு!" என்று நண்டு படலத்தை இழுத்துக்கொண்டு ஓடியது.

ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருமுன், அது நமக்கு எவ்வளவு அழகு என்பதைவிட, அது வாழ நம்மிடம் என்ன இருக்கிறது என்றே பார்க்க வேண்டும்.

அன்று தொட்டிக்காரி தீனி தூவினாள். மீன் முதல் உருண்டையைக் கவ்விக் கீழே கொண்டுவந்து, தோல் பவளத்தின் விரல்களுக்கிடையில் போட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்க மேலே போனது.