மிதக்கும் சிவப்புக் கோடு

சென்னைக்குத் தெற்கே தாமரையேரி நகர் என்று ஒன்று உண்டு. முன்பு அது ஏரி. மழை பெய்தால் இப்போதும் ஏரிதான், வீட்டு வரி மட்டும் கூடுதல்.

அங்கே மூன்றாம் தெருவில் நாலே வீடு. அந்தத் தெருவுக்கு வெள்ளக் கண்காணிப்பாளராக இந்த வருஷமும் வேதாசலத்தையே போட்டிருந்தார்கள். வார்டு அலுவலகத்தில் அவன் கையில் ஒரு விசிலைக் கொடுத்து, "முழங்கால் உயரத்துல சிவப்புக் கோடு போடு. தண்ணி கோட்டைத் தொட்டா விசில் ஊது. எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும்" என்றார்கள்.

போன வருஷம் யாரோ கார் கழுவிய தண்ணீரைப் பார்த்து ஊதி, தெருவையே ஓடவிட்டவன் அவன். இந்த முறையும் தப்பாக ஊதினால் விசில் எதிர்வீட்டுக் கோதண்டத்துக்குப் போய்விடும். அதை நினைத்தாலே பாவம், அவன் விசிலைச் சட்டைக்குள் செருகிக்கொள்வான்.

கோட்டை எங்கே போடுவது என்று ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசினார்கள். சுவரைக் கொடுக்க யாருக்கும் மனசில்லை, எல்லாம் புதுப் பெயின்ட். கடைசியில் தெருமுனையில் சும்மா கிடந்த காலி பிளாஸ்டிக் டிரம்மை இறுக மூடி நிறுத்தினார்கள். வேதாசலமே ஸ்கேல் வைத்து அளந்து, அதில் கோடு போட்டான்.

மழை கொட்டியது. காலையில் கணுக்கால், பத்து மணிக்கு முழங்கால், மதியம் இடுப்பு. நாலு வீட்டு ஜனமும் டிரம்மைச் சுற்றி நின்றது. டிரம் தண்ணீர் மேல் ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"கோட்டைத் தொடலையே அண்ணே," என்றான் வேதாசலம்.

"அப்ப வெள்ளம் வரலைன்னு அர்த்தம்," என்றார் கோதண்டம்.

"வரலைன்னா இடுப்பு வரைக்கும் ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டாள் வேதாசலத்தின் மனைவி பூங்காவனம்.

கோதண்டம் கண்ணை மூடி யோசித்தார். "தண்ணி ஏறலம்மா. தெரு இறங்கியிருக்கு. அது வேற டிபார்ட்மென்ட்."

எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. தெரு இறங்கியதற்குத் தனியாக மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. காய்ந்த காகிதம்தான் கிடைக்கவில்லை.

மார்பளவு வந்தபோது தீயணைப்புப் படகு வந்தது. "ஏறுங்க, ஏறுங்க" என்றார் படகிலிருந்தவர்.

"இன்னும் விசில் ஊதலையே சார்," என்றான் வேதாசலம் பணிவாக.

அந்த நேரம் பார்த்து டிரம் மெல்லத் திரும்பி மெயின் ரோடு பக்கம் கிளம்பியது.

"கோடு போகுது, பிடிங்க" என்று அலறிக்கொண்டு வேதாசலம் படகில் தாவினான். பின்னாலேயே நாலு வீடும் தாவியது. விரட்டிப் போய் மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் டிரம்மைப் பிடித்தார்கள். ஒருவழியாக எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று படகுக்காரர் பெருமூச்சு விட்டார்.

வேதாசலம் டிரம்மைத் தூக்கி வராந்தாவில் நிறுத்தினான். குனிந்து பார்த்தான். கோட்டுக்குப் பக்கத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நல்லவேளை, தப்பாக ஊதிவிடவில்லை. விசில் பிழைத்தது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், வெள்ளம் சுத்தமா இல்ல. எங்களை வீட்டுல விட்டுடுங்க," என்று டிரம்மோடு திரும்பப் படகில் ஏறி உட்கார்ந்தான். நாலு வீடும் ஏறியது.

"யோவ், பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்துட்டீங்களே. அப்புறம் எதுக்குய்யா திரும்பிப் போறீங்க?"

"விசில் ஊதினா இங்க வரணும்னு சொல்லியிருக்காங்க சார்," என்றான் வேதாசலம். "அதுக்கு நாங்க அங்க இருந்தாத்தானே?"