நீர்நாயின் மென்பொருளும் தவளையின் கணினியும்

புன்னைக்காட்டுக் குளத்தில் ஒரு நீர்நாய் இருந்தது. மற்ற நீர்நாய்கள் மீன் பிடித்துக்கொண்டிருக்க, இது தண்ணீருக்குள் கேமராவை இறக்கித் தலைப்பிரட்டைகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கெடுகிற பக்கத்தை விட்டுத் தலைப்பிரட்டைகள் ஒதுங்கிவிடும். வீடியோவைப் பார்த்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு மென்பொருள் எழுதியது. அதை எல்லாக் குளங்களுக்கும் கொடுக்க ஆசைப்பட்டது. நல்ல ஆசைதான்!

வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரிக்க ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல், வேண்டும். இரண்டு கிடைத்தன.

"இதை எடுடா! மின்னல் வேகம்!" என்றது மரத்திலிருந்த குரங்கு.

"அதை நிறுவ இன்னும் என்னென்னவோ கேக்குதே! மத்தது மெதுவாத்தான் ஓடும். ஆனா வேண்டியதெல்லாம் தானே கொண்டுவருது" என்றது நீர்நாய்.

"மெதுவா ஓடுறதை வெச்சா ஆராய்ச்சி பண்ணப்போறே? வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க!"

நீர்நாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. சோறு தண்ணி மறந்து, கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி நிறுவியது. மென்பொருள் பறந்தது! அந்தச் சந்தோஷத்தில் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. வாங்குகிறவரும் அதே பாட்டைப் பட வேண்டும் என்பதும் சேர்ந்தே மறந்துபோனது. பாவம், யாருக்குத்தான் மறக்காது!

மென்பொருள் பக்கத்துக் குளத்துத் தவளைக்குப் போயிற்று. சில நாளில் தவளை மூச்சிரைக்கத் தாவி வந்தது.

"அண்ணே! எங்க குளத்துத் தண்ணி நாறுது. என் பிள்ளைங்க சுருண்டு சுருண்டு விழுதுங்க. எந்தப் பக்கம்னு பார்க்கலாம்னா, உங்க மென்பொருள் அது இல்லை, இது இல்லைன்னு சிவப்பு எழுத்தாக் கொட்டுது!"

"என் கணினியில நல்லா ஓடுதே!" என்றது நீர்நாய்.

"உங்க கணினியிலயா என் பிள்ளைங்க இருக்குதுங்க?" தவளை அழுதேவிட்டது.

நீர்நாய் உடனே கூடவே ஓடியது. தவளையின் கணினியோ பழசு. ஒன்றை நிறுவினால் இன்னொன்று மக்கர் செய்தது.

பின்னாலேயே வந்த குரங்கு, "கணினியை மாத்தச் சொல்லு!" என்றது.

"நீ கொஞ்சம் சும்மா இரு!"

நீர்நாய் தன் அருமை லைப்ரரியைத் தூக்கி எறிந்தது. வீடியோவைத் திறக்கிற பகுதியை மட்டும் மாற்றி எழுதி, மெதுவானதை வைத்தது. ஒரே கட்டளைதான், நிறுவி முடிந்தது. ஆனால் மென்பொருள் ஊர்ந்தது. தவளை இருப்புக்கொள்ளாமல் கரையில் அங்குமிங்கும் தாவியது.

"வடக்கு வாய்க்கால்! அந்த வழியாத்தான் கெட்ட தண்ணி வருது!" என்று கத்தியது நீர்நாய்.

மூன்றுமாக ஓடிச் சேற்றை அள்ளி வாய்க்காலை அடைத்தன. குரங்குதான் அதிகம் அள்ளியது. மாலைக்குள் தலைப்பிரட்டைகள் வாலாட்டி நீந்தத் தொடங்கின. எல்லாம் அல்ல. சில அசையவே இல்லை.

"இதையே முதல்ல கொடுத்திருக்கக் கூடாதா அண்ணே?" என்றது தவளை. குரலில் கோபமில்லை. அதுதான் நீர்நாய்க்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டது.

பிறருக்கென்று ஒரு கருவி செய்பவர், அது தம் வீட்டில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, வாங்குகிறவர் வீட்டில் சிரமமில்லாமல் ஓடுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.